இரண்டரைச் சுற்று

அன்புள்ள வினோத்,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கடையில் வண்டி நம்பரையும் வாங்க வேண்டிய சாமான்களையும் எழுதுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த ஒரு வாரத்தில் நான்கு முறை, கல்யாணத்துக்காக நீ எடுத்திருக்கும் மாடி வீட்டுக்கு வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு முறை மழையைப் பற்றிப் பேசினேன். ஒரு முறை மண்டபத்துக்காரனைத் திட்டினேன். மற்ற இரண்டு முறையும் டீ குடித்துவிட்டு எழுந்து போனேன். என் வாய்க்கு அந்தத் தைரியம் இல்லை. அதனால்தான் கைக்கு வேலை கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டுப் பிறகு எடு. ஆனால் முழுவதும் படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டில் உன் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோமே, அன்றைக்கு உன் அம்மா கேட்டாள், “பெலிக்ஸுக்கு வைக்கலியாடா? எவ்ளோ நாளு நம்ப வூட்ல சாப்ட்ட புள்ள.” உன் முகம் மாறியது. “அவன் பேர எடுக்காதம்மா. என்னக் கொல்லப் பாத்தவன்” என்றாய். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாய். “கல்யாணம் முடியட்டும்பா. திரும்ப ஒரு வண்டி எடுக்குறேன். இந்த வாட்டி வெளியாளு யாரும் வேணாம். நீயும் நானும் போதும். ஒன்ன வுட்டா எனக்கு வேற யாரு கெடப்பான்?” என்றாய். நான் தலையாட்டினேன். பிறகு பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே வெகுநேரம் நின்றேன். முகம் கழுவுகிறேன் என்று நினைத்திருப்பாய். குழாயைத் திறக்கவே இல்லை.

இதை நீ படித்ததும் காயத்ரியிடமும் கொடு. அவள் நம் குடும்பத்துக்கு வரப்போகிறவள். எந்த மாதிரி மாமனார் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அவளுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நீ அந்தச் சிவப்பு டர்போ வண்டியைப் பழையதாக வாங்கிக்கொண்டு கிருமாம்பாக்கத்தில் நம் கடை வாசலில் நிறுத்தினாய். சின்ன என்ஜின். ஆனால் வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, அது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். டர்போ எனக்குப் புதிதில்லை. நெல் அறுக்கிற மெஷினில் இருக்கிறது, டிராக்டரில் இருக்கிறது. அவற்றை முப்பது வருடமாகக் கழற்றி மாட்டுகிறவன் நான். “இத்த ரேஸ் ஓடுதளத்துல ஓட்டணும்பா, நேர் ரோட்டுல கால் மைல் எவ்ளோ வேகமா போவுதுன்னு பாக்கணும்” என்று நீ சொன்னபோது, என்னைத்தான் கேட்கப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பெலிக்ஸைக் கூட்டி வந்தாய்.

பெலிக்ஸ் வில்லியனூர்ப் பக்கத்துப் பையன், உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். தோளில் ஒரு பை, பைக்குள் லேப்டாப். வண்டியின் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, எந்த நேரத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று எழுதியிருக்கும் கணக்கைத் திருத்துவான். அதை நீங்கள் மேப் என்பீர்கள். ஓடும்போது வண்டி என்ன செய்தது என்பதையும் அதிலேயே பதிந்துவைத்துப் பார்ப்பான்; அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர். என்னை முதல் நாளே அப்பா என்று கூப்பிட்டான். நல்ல பையன் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

நீங்கள் இரண்டு பேரும் எட்டு மாதம் அந்த வண்டியோடு கிடந்தீர்கள். வேகம் வேண்டும் வேண்டும் என்று நீ குதித்தாய். அவன்தான், “முதல்ல நிக்கட்டும்டா. அப்புறம் ஓடட்டும்” என்று பிரேக்கை மாற்ற வைத்தான். டயர் மாற்றினான். திணிக்கப்படும் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர் வாங்கினீர்கள். அது முன்பக்கத்தில் உட்காரவில்லை. நான்தான் பட்டையை வளைத்து, வெல்டு வைத்து, ஆடாமல் உட்கார வைத்தேன். டர்போவுக்குப் பின்னால் புகை போகும் குழாயையும் அகலமாக்கிக் கொடுத்தேன். அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடித்தன என்று உங்களிடம் சொன்னதில்லை. மூன்று பேரும் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றுகொண்டு, எண்ணெய்க் கையோடு பேசிக்கொண்டிருப்போம். சாயங்காலம் கடலூர் பஸ் ஹாரன் கேட்டால்தான் நேரம் தெரியும்.

பிறகு சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓடுதளத்துக்குப் போனோம். வண்டி வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போனது. நீ ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தாய். நான்கைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். “ட்யூன் யாரு?” என்று கேட்டார்கள். நீ பெலிக்ஸின் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினாய். அவன் வெட்கப்பட்டான். ஒருவன் என்னைப் பார்த்து, “சார் யாரு?” என்றான். “எங்கப்பா. டிராக்டர் மெக்கானிக்” என்றாய். ஒருவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவர்கள் பெலிக்ஸின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நீ தவறாக எதுவும் சொல்லவில்லை வினோத். நான் டிராக்டர் மெக்கானிக்தான். பாகூர் கொம்யூன் ஊர்களில் என் கை படாத டிராக்டர் குறைவு. வேலைக்குப் பஞ்சமில்லை, மரியாதைக்கும் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. நான் வெல்டு வைத்த பட்டையை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று வந்த பையன் பட்டனைத் தட்டியதற்கு என் மகன் தோளில் கை போடுகிறான், எனக்கு ஒரு சிரிப்பு. இப்படி எண்ணினேன். ஐம்பத்தாறு வயதில், மகனின் நண்பன்மேல் பொறாமைப்பட்டேன். இதை எழுத இந்த வரிக்கு முன்னால் பேனாவை மூன்று முறை மூடித் திறந்தேன்.

அடுத்தது பழைய விமானத் தளத்தில் நேர்ரோட்டுப் பந்தயம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் இரண்டு பேரும் டயர் எடுத்துவர வில்லியனூர் போனீர்கள். வண்டியைக் கடையில் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தோம். நான் தனியாக இருந்தேன்.

டர்போவில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்று அளவுக்கு மிஞ்சினால் அந்தக் கதவு திறந்து, புகையை வேறு வழியில் விட்டு அந்தச் சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும். ஒரு கம்பி, நீங்கள் ராடு என்பது, அதைப் பிடித்திருக்கும். கம்பியைச் சுருக்கினால் கதவு லேசில் திறக்காது, காற்று கூடுதலாக ஏறும். பெலிக்ஸ் அதை அளந்துவைத்து, நட்டு நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று தன் தங்கையின் நகப்பூச்சை எடுத்து வந்து கோடு போட்டிருந்தான். கரும் மெரூன் நிறம். நான் அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன். நட்டைத் தளர்த்திக் கம்பியை இரண்டரைச் சுற்று சுருக்கினேன். மறுபடி இறுக்கி, மேலே சூட்டை மறைக்கும் வெப்பத் தகட்டை மூடிவிட்டேன். பத்து நிமிஷ வேலை.

ஏன் செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை நீ ஜெயிப்பாய். எல்லாரும் பெலிக்ஸைப் பாராட்டுவார்கள். அப்போது நான் மெதுவாக, “லேப்டாப் மட்டும் இல்லப்பா, இந்தக் கையும் கொஞ்சம் வேல செஞ்சிருக்கு” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகச் செய்தேன். கையை எப்படி நீட்டிக் காட்டுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். ஏறுகிற காற்றுக்குச் சமமாகப் பெட்ரோல் ஏற வேண்டும், அது மேப்பில் இருக்கிறது, மேப்பைத் தொடாமல் கம்பியைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. டீசல் வண்டியில் அப்படிச் செய்து பல முறை தப்பித்திருக்கிறேன். இதிலும் தப்பிக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்ததும் பெலிக்ஸ், “ஒரு வாட்டி பைபாஸ்ல ஓட்டி லாக் எடுத்துக்கிறேன்பா” என்றான். லாக் எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். “ரோட்ல இன்னாத்துக்கு அந்த வேகத்துல ஓட்டிகினு? எதுக்கால குடும்பத்தோட வர்றவன் எவனாவது மாட்டிப்பான். அங்க போய்ப் பாத்துக்கோ” என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான். அன்றைக்கு நான் சொன்னது கேட்க நியாயமாக இருந்தது. அதைச் சொன்ன காரணம் மட்டும் கேவலமானது.

ஞாயிறு காலை முதல் ஓட்டம். அந்த வண்டி அதுவரை போகாத வேகம் போனது. மைக்கில் உன் நேரத்தைச் சொன்னதும் கூட்டம் கத்தியது. நீ ஹெல்மெட்டைக் கழற்றாமலே கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் போய் நின்றாய். நான் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பெலிக்ஸ் லேப்டாப்பும் கையுமாக ஓடி வந்தான்.

“அப்பா, பூஸ்ட் ஓவரா வருது. காத்து, நான் குடுத்தத விட ரொம்ப ஓவரு. பெட்ரோல் பத்தல. அடுத்த ரன் வேணாம், நிறுத்திடறேன்.”

“காலைக் காத்து குளுந்து இருக்குது இல்ல, அப்படித்தான் காட்டும்” என்றேன்.

“இல்லப்பா, இது காத்துனால வர்ற மாதிரி இல்ல” என்று உன்னை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். “வுடுப்பா. இப்பத்தான் அவன் மூடு நல்லா இருக்குது. போயி கெடுக்காத. நான் சொல்றேன் இல்ல, முப்பது வருஷமா டர்போ பாக்குறேன்.”

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் உனக்குப் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

மீதியை நீ அறிவாய். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மூன்றாவது கியரில் ஒரு சத்தம், இரும்புப் பெட்டியைக் கல்லால் அடித்த மாதிரி. வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை. என்ஜினுக்குள்ளிருந்து உடைந்த துண்டு பக்கவாட்டைப் பிளந்து எண்ணெயைச் சக்கரத்தின் முன்னால் கொட்டிவிட்டது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மணல் மூட்டைகளில் மோதித் திரும்பி நின்றது. நான் ஓடினேன். எனக்கு முன்னால் பெலிக்ஸ் ஓடினான். அவன்தான் கதவைப் பிய்த்து உன்னை வெளியே இழுத்தான். உன் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, வண்டி போச்சா?” என்று கேட்டாய். அந்த நேரத்திலும் நீ என்னிடம் வண்டியைத்தான் கேட்டாய்.  நீ வலியில் உளறுகிறாய் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

உன் மணிக்கட்டில் தகடு வைத்த அன்று, ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கடைக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவளை அங்கே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மகன் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது எந்தத் தகப்பனாவது வண்டியைப் பார்க்கப் போவானா? நான் போனேன். கம்பியை இரண்டரைச் சுற்று திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டிராக்டர் பானட்டுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட்டில் குச்சியைத் தொட்டுக் கோடு போட்டேன். மேலே கொஞ்சம் கரி தடவினேன். கம்பியைத் திருகியது ஒரு மதியத்துப் புத்திக்கேடு என்று சொல்லித் தப்பலாம். இதைச் செய்தபோது நான் முழுத் தெளிவோடு இருந்தேன்.

பத்து நாள் கழித்துக் கட்டோடு நீ கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நான் என்ஜினைப் பிரித்து, உருகிய பிஸ்டனை எடுத்து உன் கையில் கொடுத்தேன். “பெட்ரோல் பத்தல. மேப்புலதான் கோளாறு” என்றேன். பிஸ்டன் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். பெலிக்ஸ் வந்தான். வாடிப்போயிருந்தான். “நான் குடுத்த மேப்புக்கு அவ்ளோ காத்து வராதுடா. அந்த ராடு பாக்கணும்” என்று குனிந்து, வெப்பத் தகட்டைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். விரலால் அந்தக் கோட்டைத் தடவினான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“இன்னாடா, நகந்திருக்கா?” என்று கேட்டாய்.

“இல்ல. சரியாத்தான் இருக்குது” என்றான். டார்ச்சை அணைத்தான். “ஆனா ரெண்டாவது ரன் வேணாம்னு நான் சொன்னேன்டா. அப்பாகிட்ட சொன்னேன்.”

நீ என் பக்கம் திரும்பினாய். “அப்பா?”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லலியேப்பா” என்றேன்.

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பெலிக்ஸ் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நீ அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாய். என்னென்ன சொன்னாய் என்று இங்கே எழுத மாட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நீ அவனைத் திட்டிய ஒவ்வொரு சொல்லுக்கும் உரியவன் உன் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே உங்கள் கார்ப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில், பெலிக்ஸின் மேப்தான் காரணம் என்று நீ எழுதினாய். உருகிய பிஸ்டனைப் படம் எடுத்துப் போட்டாய். படத்தில் அதைப் பிடித்திருந்தது என் கை. இரண்டு மாதத்தில் அவனிடம் யாரும் வண்டி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மூலக்குளத்தில் ஷெட் பார்த்து முன்பணம் கொடுத்துவைத்திருந்தான். அதை விட்டுவிட்டான். இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும், “அடுத்த வாரம் சொல்லிடலாம்” என்று நினைப்பேன். மூன்று வருடம் ஓடிவிட்டது.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, என்னிடம் ரிப்பேருக்கு வந்த டிராக்டரை ஸ்டார்ட் பண்ணிப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் விட்டாய். யாரும் பார்க்கவில்லை. நான் உன் காதைப் பிடித்து அந்தக் கொல்லைக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, “நீயே உன் வாயால சொல்லு” என்றேன். அழுதுகொண்டே சொன்னாய். அவர் உனக்கு ஒரு துண்டு கரும்பு வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! பெண் பார்க்கப் போனபோது காயத்ரியின் அப்பாவிடமும் சொன்னேன். என் மகன் பொய் சொல்ல மாட்டான், நான் வளர்த்த விதம் அப்படி என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குத்தான் கொஞ்சமும் கூசவில்லை.

போன புதன்கிழமை பெலிக்ஸைப் பார்க்கப் போனேன். வில்லியனூர் பைபாஸில் மண் அள்ளும் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற ஷெட்டில் இருக்கிறான். வண்டிக்கடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடித்தான் போல, கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், “வாங்கப்பா” என்றான். அந்த அப்பாவை அவன் விட்டிருக்கலாம். விடவில்லை.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். “அந்த ராடை நான்தான் திருவினேன்.”

“தெரியும்” என்றான். “அந்தக் கோடு நான் போட்டது இல்ல. எங்க தங்கச்சி நகப்பாலீஷ் கலரு எனக்குத் தெரியாதா?”

“அன்னிக்கே ஏன் சொல்லலப்பா?”

“சொன்னா? நீங்க இல்லன்னு சொல்லியிருப்பீங்க. அவன் உங்கள நம்புவானா, என்ன நம்புவானா? கட்டோட ஒக்காந்திருக்கான். அப்பனே இத்த செஞ்சான்னு நான் எப்படிச் சொல்றது? என் வாயில வரலப்பா.” ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். “அதுவுமில்லாம, காத்து மிஞ்சினா தானா நிக்கிற லிமிட் ஒண்ணு கம்பெனிக்காரன் வச்சிருப்பான். ரேஸுக்குன்னு அத்த நான்தான் தூக்கி வச்சேன். அது இருந்திருந்தா நீங்க திருவியிருந்தாலும் என்ஜின் நின்னிருக்கும். அத்த நெனச்சி நெனச்சி எனக்கே தூக்கம் இல்ல. என் தப்பும் இருக்குதுன்னு வாய மூடிகினேன். அன்னிக்கி நீங்க தோளப் புடிச்சப்பவும் நான் உதறிகினு போயிருக்கணும்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. முதல் முறையாக அவன் கோபத்தைப் பார்த்தேன். “கைய எறக்குங்க! எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்றீங்க. மூணு வருஷம் ஆச்சு. ஒரே ஃப்ரெண்டு. ரோட்ல என்னப் பாத்தா வண்டியத் திருப்பிகினு போறான். போயி அவன்கிட்ட சொல்லுங்க. சொல்ல முடியலன்னா இங்க வராதீங்க.” மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். “ஆஸ்பத்திரில என்ன தனியா வுட்டுட்டுப் போனியே, அதுக்காவா?” என்று ஒன்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு போட்டு மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். காயத்ரியிடம் ஏதாவது தவறு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் கம்பியைத் திருகிய வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்துவிட்டு நட்டைத் திருப்பியிருப்பீர்கள். ஞாயிறு காலையில் சொல்லியிருந்தால் ஒரு ஓட்டம் போயிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள அதைச் சொல்வதற்கு இன்னும் பெரிய ஆளாக இருக்க வேண்டியிருந்தது. நானோ நாளுக்கு நாள் சின்ன ஆளாகிக்கொண்டிருந்தேன். இன்னொன்று. உன் வீட்டில் யார் வேலை செய்தாலும், காயத்ரியோ, உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையோ, அதைப் பார்த்ததும் வாய் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடு. அன்று நீ சொல்லாததால்தான் இப்படிச் செய்தேன் என்று உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நானும் உன் அம்மாவிடம் சொன்னதில்லை, உன்னிடம் சொன்னதில்லை, பெலிக்ஸிடமும் சொன்னதில்லை. கொடுக்காத ஒன்றை எல்லாரிடமிருந்தும் எதிர்பார்த்தேன்.

வண்டி கட்டுவதை விடாதே. மணிக்கட்டு ஒத்துழைத்தால் ஓட்டு, இல்லையென்றால் கட்டி மட்டும் வை. ஓடுதளத்தில் ஓட்டு, ரோட்டில் வேண்டாம். என்னை அதன் பக்கத்தில் சேர்க்காதே. பட்டை வளைக்க வேண்டுமென்றால் கொடுத்தனுப்பு, செய்து தருகிறேன். உங்கள் குழுவில் நீ எழுதியதை நீதான் அழிக்க வேண்டும் என்பதில்லை. என் பெயரைப் போட்டு, நான் செய்ததை நானே பேசிப் பதிவு செய்துவைத்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும் முன் அது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக மட்டும் இன்னும் அனுப்பவில்லை. இன்று அனுப்பிவிடுவேன். நீ தடுத்தாலும் அனுப்புவேன்.

மன்னித்துவிடு என்று இதில் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். பெலிக்ஸிடமும் அதைக் கேட்கவில்லை. அவன் இழந்த மூன்று வருடத்தைத் திருப்பித் தர என்னிடம் எதுவுமில்லை. கேட்டால் அவன் நல்ல மனதுக்குச் சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. உன்னிடமும் அதே பயம்தான்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியிருப்பேன். உன் வீட்டுக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் தெரிவேன். கிருமாம்பாக்கம் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே, அந்த பஸ் இந்த ரோட்டில் வராது. நீ வந்து கேட்கிற எதற்கும் எனக்கு ஞாபகமில்லை என்று சொல்ல மாட்டேன். வராவிட்டால் இருட்டும்வரை பார்த்துவிட்டு நடந்து போவேன். நாளைக் காலையில் திரும்ப வந்து இங்கேயே உட்காருவேன்.

உன் அப்பா